மதியபோசனத்துக்கு எங்கே போவது?

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்ட ஒருவனிடம் உறவினர்கள் பொதுவாக மூன்று கேள்விகளையே கேட்பார்கள். தேர்தல் எப்போது வரும்? யார் வெல்லுவார்கள்? மரண அறிவித்தல் போட எவ்வளவு முடியும்? இவற்றுள் மூன்றாவதற்கு மாத்திரமே என்னால் ஓரளவு சரியான பதிலைக் கூற முடிந்திருக்கிறது. கடந்த மாதம் என் தமக்கையின் மகள் தொலைபேசியில் அழைத்து நான்காவது கேள்வியொன்றைக் கேட்டாள்.

"மாமா, வேலைநாளிலை ரெண்டு பேர் மத்தியானம் இருந்து சாப்பிடுறதுக்குக் கொழும்பிலை நல்ல இடம் ஒண்டு சொல்லுங்கோ."

அந்த இரண்டு பேரில் ஒருவர் அவள். மற்றவர் யார் என்று கேட்கவேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. அதற்கு முந்திய வாரந்தான் தமக்கை என்னை அழைத்து, சாதகம் பொருந்திவிட்டது என்றும், மாப்பிள்ளைப் பையன் கோட்டையில் கணினி நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறார் என்றும், இருவரும் முதலில் 'கதைச்சுப் பார்க்கட்டும்' என்று இரு வீட்டாரும் இணங்கிவிட்டார்கள் என்றும் கூறியிருந்தார்.

எமது காலத்தில் இவ்விடயம் கோயிலில் நடக்கும். பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் பெண்ணை அழைத்து வருவார்கள். பையன் தூணோரம் நின்று பார்ப்பான். பெண் பார்த்ததா இல்லையா என்பதை எவரும் கேட்பதில்லை. அந்த நிலையிலிருந்து, இருவரும் ஒரு மேசையில் எதிரெதிரே இருந்து உணவருந்தியபடி பேசிப் பார்க்கலாம் என்ற நிலைக்கு எம்மவர்கள் வந்து சேர்ந்திருப்பது பெரிய விடயமென்றே நான் கருதுகிறேன். ஏன் வேலைநாள் என்று மருமகளிடம் வினவினேன். "சனி, ஞாயிறெண்டால் அம்மாவும் வந்திடுவா, அவரின்ரை அம்மாவும் வந்திடுவா" என்றாள். இதைவிடத் தெளிவான காரணம் இருக்க முடியாது.

முதலில் நாளைத் தெரிவு செய்யவேண்டியிருந்தது. இது இடத்தைத் தெரிவு செய்வதைவிடச் சிரமமான காரியமாயிற்று. வெள்ளிக்கிழமை என்றாள். நான் மறுத்தேன். ஜும்ஆத் தொழுகை வேளையில் முஸ்லிம் அன்பர்கள் நடத்தும் உணவகங்கள் பல மூடியிருக்கும். பள்ளிவாசல்கள் அமைந்துள்ள வீதிகளில் வாகனம் நகராது. திங்கட்கிழமை அவளது அலுவலகத்தில் கூட்டங்கள். செவ்வாய்க்கிழமையைத் தமக்கை ஏற்கவில்லை. நல்ல காரியத்தைச் செவ்வாயில் தொடங்குவதாவது! சரி, பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்களே, புதனில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். தமக்கை நாட்காட்டியைப் புரட்டினார். புதன்கிழமை இராகுகாலம் 12 மணியிலிருந்து 1.30 வரை. கொழும்பு நகரத்தின் மதியபோசன இடைவேளை முழுவதையும் இராகு பகவான் புதன்தோறும் எடுத்துக்கொள்கிறார் என்பது இத்தனை வயதுக்குப் பின்னரே எனக்குத் தெரியவந்தது. வியாழக்கிழமை இராகுகாலம் 1.30க்குத்தான் ஆரம்பம். ஆகவே வியாழன், 12.15க்குச் சந்தித்து 1.15க்கு எழும்புவது என்று முடிவாயிற்று. சாத்திரமும் அலுவலகமும் ஒத்துப்போன அரிதான சந்தர்ப்பம் அது.

இனி இடம்.

பையனின் தாயார் வெள்ளவத்தையில் ஓர் உணவகத்தைக் கூறியிருந்தார். யாழ்ப்பாணச் சமையல், நண்டுக்கறி, ஒடியற்கூழ், எல்லாம் கிடைக்கும். வெள்ளவத்தையின் சாப்பாட்டைக் குறைகூற நான் தயாரில்லை. ஆனால் அங்கே நான்கு மேசைகளில் ஒன்றிலாவது எமக்குத் தெரிந்தவர் இருப்பார். தெரியாதவராயிருந்தால் அவர் எமது அயலூராக இருப்பார். இவ்விருவரும் கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருமுன் செய்தி ரொறன்ரோவுக்குப் போய்விடும். அதன்பின் இந்தச் சம்பந்தம் சரிவராது போனால் பெண்ணின் பக்கத்தில் ஒரு கதை தங்கிவிடும். ஆணின் பக்கத்தில் தங்காது. இது நீதியல்ல. ஆயினும் எமது சமூகத்தில் இதுதான் நடைமுறை என்பதை இருபதாண்டுகள் பத்திரிகையில் மணமகள் தேவை விளம்பரங்களின் பக்கத்தைத் தாண்டிச் செய்திப் பக்கத்துக்குப் போன எனக்கு எவரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை. நண்டுக்கறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதன்முதலாகச் சந்திக்கும் ஒருவர்முன் இரு கைகளாலும் நண்டின் காலை உடைத்து உறிஞ்சுவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். அது திருமணமாகிச் சில ஆண்டுகள் சென்றபின் உண்ணவேண்டிய கறி.

பையன் கூறியது வேறு. நட்சத்திர ஹோட்டலொன்றின் மதிய பஃபே. அவர் நல்லெண்ணத்துடன்தான் கூறியிருக்கிறார். தான் பணம் செலுத்துவதாகவும் சொல்லியிருக்கிறார். மருமகளின் தயக்கம் அங்கேதான் ஆரம்பித்தது. அவள் அதை நேரடியாகச் சொல்லவில்லை. "பெரிய செலவாயிருக்கும் மாமா" என்று மாத்திரம் சொன்னாள்.

அது வெறுஞ் செலவைப் பற்றிய பேச்சல்ல என்பது எனக்கு விளங்கியது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்கு முன்னர் உணவகத்தில் உண்பது கொழும்பின் சம்பளக்காரருக்கு ஒரு சிறிய மகிழ்ச்சியாயிருந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாயிற்று. பணவீக்கம் பின்னர் இறங்கியது; விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு விடயங்கள் என்பதை எமது அமைச்சர்கள் சிலர் இன்னும் மக்களுக்குத் தெளிவுபடுத்தவில்லை. 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரியும் 18 சதவீதமாகியது. விலைப்பட்டியலின் அடியில் எறும்பு எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதை வாசித்தால், 1,000 ரூபா என்று போட்டிருக்கும் உணவுக்கு 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ந்து 1,100 ஆகி, அதன்மீது வரி விழுந்து 1,298 ரூபாவாகிவிடும். முதன்முறை சந்திக்கும் இருவரிடையே அந்தப் பில் வந்து கிடக்கும்போது அது ஒரு மூன்றாவது ஆள்.

அவர் பணம் செலுத்துவார். இவள் நன்றி கூறுவாள். பின்னர் அவரைப் பிடிக்கவில்லை என்றால் எப்படிச் சொல்வது? பத்தாயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட சாப்பாட்டை உண்டுவிட்டு 'வேண்டாம்' என்று செய்தி அனுப்புவதற்கு எமது பிள்ளைகள் வளர்க்கப்படவில்லை. அவருக்கும் அதே சங்கடந்தான்: இவ்வளவு செலவழித்து அழைத்த பெண்ணிடம் தனக்கு விருப்பமில்லை என்பதை அவர் எந்த வாயால் கூறுவார்? இப்படிப்பட்ட சந்திப்புக்கு உணவகம் தேடுவோர் சுவையையும் அழகையும் விலையையும் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு. அந்த மேசையிலிருந்து இருவரில் எவராவது 'வேண்டாம்' என்ற முடிவுடன் எழுந்து போவது எவ்வளவு இலகு என்பதையே பார்க்கவேண்டும். இலகுவாக எழுந்து போகக்கூடிய மேசையில்தான் ஒருவர் மனமொப்பி இருக்கவும் முடியும்.

ஆனால் இந்தத் தத்துவத்தை நான் அன்றே கைக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். மருமகளுக்கு நான் முதலில் பரிந்துரைத்தது அல்பிரட் ஹவுஸ் வீதியிலுள்ள கலரி கஃபேயை. கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா ஒருகாலத்தில் தமது அலுவலகமாக வைத்திருந்த இடம் அது. முற்றங்களும் தடாகமும் நிழலுமாக, வெளியே நகரம் இருப்பதே தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த இடம். வருடத்துக்கொரு முறை, யாராவது வெளிநாட்டிலிருந்து வந்து அழைத்தால், போவேன்.

மருமகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, அது உங்களுக்குப் பிடிச்ச இடம். எனக்கு ஒரு மணித்தியாலந்தான் இருக்கு" என்றாள்.

அவளது அலுவலகம் யூனியன் பிளேஸில். அங்கிருந்து புறப்பட்டு, காலி வீதியும் டுப்ளிகேஷன் வீதியும் ஒருவழிப் பாதைகளாயிருக்கும் அந்தப் பகுதியில் முச்சக்கரவண்டி சுற்றிப் போய்ச் சேர்ந்து, சாப்பாட்டுக்குச் சொல்லி, அது வந்து, உண்டு, திரும்புவதற்குள் மணி இரண்டாகிவிடும். தாமதித்தால் அவளுக்கு அரைநாள் விடுமுறை வெட்டுவார்கள். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேலாக நான் மறந்துபோயிருந்த ஒன்றை அவளுடைய அந்த வார்த்தை ஞாபகப்படுத்தியது.

1995இல் நானும் என் மனைவியும் (அப்போது மனைவியல்லர்) வேலைநாட்களின் மதியவேளைகளில் சந்தித்து வந்தோம். மாலையில் அவர் தங்கியிருந்த பெண்கள் விடுதிக்கு ஆறு மணிக்குமுன் திரும்பவேண்டும். அவர் கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் கம்பனியில் இருந்தார். எமது பத்திரிகைக் காரியாலயம் நகரின் வடபுறத்தில். இரண்டுக்கும் நடுவில் கோட்டை. ஆகவே கோட்டையில் சதாம் வீதியிலிருந்த பகோடா ரீ ரூமில் சந்தித்தோம். 1884இல் தொடங்கப்பட்ட அந்தத் தேநீர்ச்சாலையில்தான் டுரான் டுரான் என்ற ஆங்கிலப் பாடற்குழுவினர் 1982இல் தமது ஒளிப்படப் பாடலொன்றின் ஒரு பகுதியைப் படம்பிடித்தார்கள் என்பதை நான் அவருக்குப் பெருமையாகக் கூறியிருக்கிறேன். அவர் அதில் அக்கறை காட்டவில்லை. பற்றீஸ் சூடாக இருக்கிறதா என்பதே அவரது கவலை.

1996 ஜனவரி 31ஆம் திகதி, ஒரு புதன்கிழமை முற்பகல், மத்திய வங்கி தாக்கப்பட்டது. தொண்ணூறுக்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். அதன்பின் கோட்டையின் வீதிகள் பல மூடப்பட்டன. எமக்கு இடம் தெரிவு செய்வதென்பது, இரு காரியாலயங்களுக்கும் இடையில் எத்தனை காவலரண்கள் உள்ளன என்று எண்ணுவதாக மாறியது. தேசிய அடையாள அட்டை, பத்திரிகையாளர் அட்டை, தங்கியிருக்கும் வீட்டின் பொலிஸ் பதிவுத் துண்டு ஆகிய மூன்றும் சட்டைப்பையில் இருக்கவேண்டும். இருந்தாலும் சில நாட்களில் போதாது. நான் ஆண்மகன், பத்திரிகையாளன், மதியவேளையில் எனது நேரம் ஓரளவு எனது கையில். ஆகவே நானே கொள்ளுப்பிட்டிக்குப் போவதாக ஏற்பாடு. பெரிய தியாகம் செய்வதாக எனக்கு ஓர் எண்ணமும் இருந்தது.

அங்கே ஒரு சைவக்கடை. பெயர் வேண்டாம். நான்கு பேருக்குரிய மேசையில் இரண்டு பேர் மாத்திரம் அமர்ந்திருப்பதை அந்த முதலாளி பொறுக்கமாட்டார். நாம் இருவரும் பேசிக்கொண்டிருக்கையில் எதிரே இரு அந்நியர்கள் வந்தமர்ந்து இரசம் ஊற்றச் சொல்லுவார்கள். பில் துண்டை நாம் கேட்குமுன்பே மேசையில் வைத்து, அதன்மேல் தண்ணீர்க் குவளையைத் தூக்கி வைப்பார்கள். எழும்புங்கள் என்று அர்த்தம். வேறு சில கடைகளில் பின்புறத்தில் திரை தொங்கவிட்ட 'குடும்ப அறை' இருந்தது. குடும்பத்தினர் முன்புறத்திலேயே உட்காருவார்கள். குடும்பமாகாதவர்களே குடும்ப அறைக்குப் போவார்கள் என்பது ஊரறிந்த விடயமாதலால், அந்தத் திரைக்குப் பின்னால் போவதைவிட வீதியில் நின்று பேசுவது மேல் என்று அவர் கூறிவிட்டார்.

ஒருநாள் வழியில் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். நாற்பது நிமிடங்கள் வெயிலில். விட்டபின் ஓடினேன். கடைக்குள் நுழையும்போது ஒரு மணி இருபது. அவர் இல்லை. காசாளர் என்னை அடையாளங்கண்டு ஒரு துண்டைத் தந்தார். பில்லின் பின்புறத்தில் எழுதியிருந்தது: 'நேரமாகிவிட்டது. நான் சாப்பிட்டுவிட்டேன். உங்களுக்கும் பணம் கட்டியிருக்கிறேன். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.' இருந்து சாப்பிட்டேன். அன்றைய கறி என்னவென்று இன்றும் சொல்லுவேன்: பூசணிக்காய், பயற்றங்காய், கத்தரிக்காய்ப் பொரியல். எதிரே இரண்டு அந்நியர்கள்.

மருமகளின் விடயத்துக்கு வருகிறேன். பையனின் அலுவலகத்துக்கு அருகே பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடம் இருக்கிறது. ஒருகாலத்தில் கோட்டைப் பொலிஸ் நிலையம் அதிலேதான் இயங்கியது. அந்த நாட்களில் எம்மவர் எவரும் விரும்பிப் போன இடமல்ல. 2011 டிசம்பரிலிருந்து அது உணவகங்களும் கடைகளும் கொண்ட தொகுதி. தடித்த சுவர்களும் அகன்ற விறாந்தையும் முற்றமுமாக, உட்கார்ந்து பேச வசதியான இடம். மருமகள் அங்கே போய்ச் சாப்பிடுவதை நினைக்க எனக்கு ஒருவித திருப்தியாகவும் இருந்தது. ஆயினும் அது அவருக்கு இரண்டு நிமிட நடை. இவளுக்குக் கால்மணி நேர ஓட்டம். அவருடைய நிறுவனத்தில் நேரக் கட்டுப்பாடு இல்லை; இவளுக்கு உண்டு. எவருக்கு நேரம் குறைவோ, எவரைப் பற்றி ஊர் அதிகம் பேசுமோ, அவருக்கு அருகிலேயே மேசை இருக்கவேண்டும். வருவதற்கு மற்றவர் சிறிது சிரமப்படட்டும். அவர் முகஞ்சுளிக்காமல் வருகிறாரா என்பதும் தெரிந்துகொள்ளவேண்டிய விடயந்தானே.

ஆகவே ஈற்றில் நான் கூறிய இடத்தைக் கேட்டால் என் பழைய சகபாடிகள் சிரிப்பார்கள். பேரை வாவிக்கு அருகே, யூனியன் பிளேஸிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், 2018இல் திறக்கப்பட்ட கொழும்பு சிட்டி சென்ரர் என்ற கடைத்தொகுதி. அதிலுள்ள ஃபூட் கோர்ட். அத்தகைய இடங்களை எனக்குப் பிடிக்காது. தட்டுகளின் சத்தம், குளிரூட்டியின் குளிர், ஒலிபெருக்கிப் பாட்டு, பிளாஸ்ரிக் கரண்டி, சாப்பாட்டில் ஊர் பேர் தெரியாத ஒரு பொதுச்சுவை. கையில் தட்டத்தை ஏந்திக்கொண்டு வெற்றிடம் தேடி அலைவதில் மரியாதைக் குறைவான ஏதோ ஒன்று இருப்பதாகவும் எனக்குப் படும்.

ஆனால் எண்ணிப் பாருங்கள். அவள் மரக்கறி, அவர் மச்சம் உண்பவர். ஒரே கடைக்குப் போனால் ஒருவர் விட்டுக்கொடுக்கவேண்டும், அதை மற்றவர் கவனிக்கவேண்டும். இங்கே அவள் ஒரு கடையிலும் அவர் வேறொரு கடையிலும் வாங்கிக்கொண்டு ஒரே மேசைக்கு வரலாம். வாங்கும்போதே அவரவர் பணத்தை அவரவர் கட்டிவிடுவதால் மேசைக்குப் பில் வருவதில்லை. யார் கட்டுவது என்ற நாடகமும் இல்லை. அருகில் நின்று எழும்பும்படி பார்க்கும் பரிசாரகரும் இல்லை. சுற்றிவர நூறுபேர் இருப்பதால் பெண்ணொருத்திக்குப் பாதுகாப்பு. அந்த நூறுபேரும் தத்தமது தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதால் தனிமை. நான் வெறுக்கும் அந்தச் சத்தமே அவர்களது பேச்சுக்குத் திரை. இருபது நிமிடத்தில் பேச்சு வற்றிவிட்டால் தட்டத்தை எடுத்துக்கொண்டு எழும்பலாம். வற்றாவிட்டால் கீழே போய்க் கோப்பி குடிக்கலாம். பன்னிரண்டரைக்கு முன் போனால் இடமும் கிடைக்கும்.

இதை என் மனைவியிடம் விபரித்தபோது அவர் வேறொரு கருத்தைக் கூறினார். "ஒருத்தருக்கொருத்தர் கடமைப்படாமல் சாப்பிடவேணும் எண்டு சொல்லுறியள். அண்டைக்கு நான் காசு கட்டி வைச்ச சோத்தைச் சாப்பிட்டிட்டுத்தானே அடுத்த கிழமையே உங்கடை அக்காவிட்டைப் போய்க் கதைச்சனீங்கள்?" இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வாதத்தில் ஓட்டை இருப்பது தெரிந்தும் நான் என் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஒருவேளை, சந்திப்பின் ஆரம்பத்தில் கடன் இருக்கக்கூடாது, பிறகு இருக்கலாம் என்று திருத்திக்கொள்ளலாம். அவர் கட்டியது நாங்கள் சந்திக்கத் தொடங்கி ஓராண்டுக்குப் பிறகல்லவா!

வியாழக்கிழமை 1.20க்கு மருமகள் அழைத்தாள். அலுவலகத்தின் படியேறிக்கொண்டிருந்தாள் போலும், மூச்சு வாங்கியது. அவர் நேரத்துக்கு வந்தாராம். நன்றாகப் பேசினாராம். அவள் இடியப்பக் கொத்து, அவர் கோழிச்சோறு. ஒரு வருடத்தில் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விடுவது என்று அவர் முடிவெடுத்திருக்கிறார். தாயைத் தனியே விட்டுவிட்டுப் போவதில்லை என்று இவள் முடிவெடுத்திருக்கிறாள். இந்த விடயம் இரு வீட்டாரும் பார்த்த சாதகத்தில் இருக்கவில்லை. அரைமணி நேரத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் வாழ்த்துக் கூறிவிட்டு எழுந்திருக்கிறார்கள். "நல்ல மனிசன் மாமா. பிறகு ஆளுக்கொரு ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு வெளியிலை வந்தனாங்கள்" என்றாள். குரலில் வருத்தமில்லை. இலேசான ஆறுதல்கூட இருந்ததாக எனக்குப் பட்டது.

தமக்கை இரண்டு வாரமாக என்னுடன் பேசவில்லை. பிள்ளையை ஒரு நல்ல ஹோட்டலுக்கு அனுப்பியிருந்தால் இந்தச் சம்பந்தம் சரிவந்திருக்கும் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.